கம்பவுண்டர் பூவராகவனின் வயிற்றெரிச்சல்

பதினேழு வருஷம் ஒரே ஜன்னலில் நின்று மருந்து கலக்கிக் கொடுத்த மனுஷனைக் கூப்பிட்டு, நேற்று வந்த ஒரு பெண்ணின் சர்ட்டிபிகேட்டை மாட்டச் சுவரில் ஆணி அடிக்கச் சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? பூவராகவனுக்கு எப்படி இருந்ததென்றால், சுத்தியல் ஆணிமேல் விழாமல் இரண்டு தடவை அவர் கட்டைவிரல்மேல் விழுந்தது. "பாத்து அடிங்க சார்" என்றாள் அந்தப் பெண். விரல் வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார், அந்த அக்கறையைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

1972ஆம் வருஷம், பொங்கல் முடிந்து பத்து நாள். பொன்னேரியில் ஜானகியம்மாள் டாக்டரின் கிளினிக்கைத் தெரியாதவர்கள் அந்தத் தாலுகாவிலேயே கிடையாது. ஆனால் டாக்டரம்மாவை ஜனங்கள் பார்ப்பதெல்லாம் இரண்டு நிமிஷம். உள்ளே போய் நாக்கை நீட்டிவிட்டு, சீட்டோடு வெளியே வந்தால் அப்புறம் எல்லாம் கம்பவுண்டரின் ராஜ்யம். பக்கவாட்டில் ஒரு கம்பி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் சிவப்பும் வெள்ளையும் பழுப்புமாக மிக்சர் ஜாடிகள். நடுவில் பூவராகவன், முறுக்கு மீசையும் மடித்துவிட்ட சட்டைக் கையுமாக.

ஜனங்கள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார்கள். அவர் மருந்தை ஊற்றிவிட்டு, ஒரு நீளக் காகிதத்தை மடித்து கத்தரிக்கோலால் ஒரே வெட்டு வெட்டிப் பிரிப்பார். ஓரமெல்லாம் பல்பல்லாக வந்திருக்கும். அதைப் பாட்டிலின் மேல் ஒட்டிவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கவலையில்லை. ஒரு வேளைக்கு ஒரு பல் அளவு மருந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான். டோஸ் பேப்பர் என்று அதற்குப் பேர். எட்டுப் பல், ஆறு பல், மூன்று பல் என்று எதைக் கேட்டாலும் அளந்து பார்க்காமல் வெட்டுவார் பூவராகவன். சந்தை நாளில் ஆட்கள் அவரைச் "சின்ன டாக்டரு" என்று கூப்பிடுவார்கள். அவர் மறுத்துச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

இந்த ராஜ்யத்துக்குக் கேடு சட்ட ரூபத்தில் வந்தது. கிளினிக்கின் முன்கட்டில் ஒரு மருந்துக் கடை வைக்க டாக்டரம்மா ஆசைப்பட்டார். கடைக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு, படித்து டிப்ளமா வாங்கி ரிஜிஸ்டரில் பேர் பதிந்த பார்மசிஸ்ட் வேண்டும். பூவராகவனோ எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டவர். வேலை பார்த்த அனுபவத்தைக் காட்டிப் பேர் பதிந்துகொள்ளும் வழி ஒரு காலத்தில் இருந்ததாகச் சொல்வார்கள். அவர் வேலைக்குச் சேர்வதற்குள் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆகவே கவரைப்பேட்டையில் பாசஞ்சர் வண்டி ஏறிப் பொன்னேரியில் வந்து இறங்கினாள் விக்டோரியா. வயது இருபத்திரண்டு, தோளில் துணிப்பை, அதற்குள் மடித்து வைத்த வெள்ளைக் கோட்டு.

அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் பூவராகவனுக்குக் காதில் புகை வந்தது. "எனக்கும் ஒரு கோட்டு தெச்சுக் குடுங்கம்மா" என்று ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கிறார். "உனக்கெதுக்கு பூவராகவா? கறை படிஞ்சா துவைக்கறதுக்கு ஆள் வேணும்" என்று சிரித்துவிட்டார் டாக்டரம்மா. இப்போது இவள் கறையே படாதவள்போலக் கோட்டை மாட்டிக்கொண்டு, அவருடைய ஜன்னலில் நின்றாள்.

"இனிமே ஜன்னல்ல விக்டோரியா நிக்கட்டும். நீ உள்ள பாட்டில் கழுவறது, பேப்பர் வெட்டறது, ஸ்டாக் அடுக்கறதெல்லாம் பாத்துக்கோ. உனக்கும் வயசாகுதில்ல" என்றார் டாக்டரம்மா. பூவராகவனுக்கு அப்போது முப்பத்தெட்டு.

பொறாமை என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "எனக்கின்னா பொறாம? அது சின்னப் பொண்ணு" என்பார். அவர் சொல்வதைச் சொல்லிக்கொண்டு போகட்டும், நமக்குத் தெரியும். அது பொறாமைதான், தண்ணீர் கலக்காத முதல் தரமான பொறாமை.

முதல் ஒரு மாசம் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே போனது. விக்டோரியா மெதுவாக வேலை செய்தாள். அளவு கிளாஸைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத்தான் ஊற்றுவாள். ஜாடியின் மேலிருக்கும் பேரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிப்பாள். பேப்பரைப் பசை தடவி ஒட்டி, கட்டைவிரலால் நீவி, "சாப்ட்ட பொறவு, ஒரு பல்லு, நாளைக்கு மூணு வாட்டி, சொல்லுங்க பாக்கலாம்" என்று பாடம் ஒப்பிக்க வைப்பாள். வரிசை தெரு வரைக்கும் போய் நின்றது. ஆட்கள் முணுமுணுத்தார்கள். உள்ளே பாட்டில் கழுவிக்கொண்டிருந்த பூவராகவனுக்கு அந்த முணுமுணுப்பு நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

இரண்டாம் மாசம் முணுமுணுப்பு நின்றது. வரிசை மட்டும் இன்னும் நீளமானது. ஒரு நாள் விக்டோரியா சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பழைய ஆசை தாங்காமல் பூவராகவன் ஜன்னலில் போய் நின்றார். கீரைக்காரி எல்லம்மா பாட்டிலும் கையுமாக வந்தாள். பதினேழு வருஷமாக அவரிடம் மருந்து வாங்கினவள்.

"கோட்டுப் பொண்ணு இல்லியா கம்பவுண்டரே?"

"நான் இருக்கன்ல? குடு இப்டி."

"இல்ல, பரவால்ல. அது வர வரைக்கும் நான் இப்டி ஓரமா குந்திக்கினு இருக்கேன்."

அவள் உட்கார்ந்தும் விட்டாள். பூவராகவன் அன்றைக்குக் கழுவிய பாட்டில்களில் மூன்று உடைந்தன.

அன்றிலிருந்து ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பெண் எதற்காக இந்த வேலைக்கு வந்தாள்? கவரைப்பேட்டைப் பக்கத்துக் காலனிப் பெண். அப்பனும் ஆத்தாளும் கூலிக்கு நடவு நட்டவர்கள். வேதக்காரர்கள் என்பதால் மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பார்கள், சரி. டீச்சர் வேலை இருக்கிறது, நர்சு வேலை இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு மெனக்கெட்டு மெட்ராஸ் போய், கல்வத்தில் மருந்து அரைக்கவா ஒருத்தி படிப்பாள்? கோட்டுக்கு ஆசைப்பட்டிருப்பாள் என்று ஒரு நாள் நினைத்தார். டாக்டர் மாப்பிள்ளையாகப் பார்த்துப் பிடிக்கிற யோசனை என்று மறுநாள் நினைத்தார். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் வாய்விட்டே கேட்டார்.

"ஏம்மா, ஆயிரம் படிப்பு இருக்கச் சொல்ல நீ ஏன் இதுக்கு வந்த?"

அவள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை ஒரு நொடி நின்றது. "சும்மா ஒரு ஆசதான் சார்" என்றாள், மறுபடி துடைத்தாள். ஆனால் அந்த ஒரு நொடியைப் பூவராகவன் பார்த்துவிட்டார். என்னவோ இருக்கிறது, நம்மிடம் மறைக்கிறாள் என்று அதற்கும் சேர்த்து எரிந்தார்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. அவரை யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டால் சொல்வதற்கு உருக்கமாக ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார். ஏழை ஜனங்கள் மருந்தில்லாமல் வாடுவதைச் சின்ன வயசிலேயே கண்டு மனம் பொறுக்காமல், என்று அது ஆரம்பிக்கும். நிஜக் காரணம் அவருக்கும் அவர் சம்சாரம் ரத்னாவுக்கும் மட்டும் தெரியும். பரீட்சையில் தவறிச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவரை, டாக்டரம்மாவின் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரு மாமா கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார். மழைக்கு ஒதுங்கின மாதிரி ஒதுங்கினவர்தான், அங்கேயே தங்கிவிட்டார்.

அவளை அங்கிருந்து கிளப்ப அவரும் பார்க்காத வேலையில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனி வந்திருந்தது. அங்கே தொழிலாளிகளுக்கென்று ஒரு டிஸ்பென்சரி திறக்கப் போவதாகப் பேப்பரில் விளம்பரம் வந்தது. அதை அழகாகக் கத்தரித்துக் கொண்டுபோய் நீட்டினார்.

"உனுக்கு ஏத்த வேலம்மா. உங்க ஊட்டுக்கும் கிட்ட. இங்க கெடந்து ஏன் பேஜாரு?"

அவள் படித்தாள். "எனக்கு இங்கதான் சார் வேணும். நீங்க வேணா ட்ரை பண்ணுங்களேன்."

"அவன் சர்ட்டிபிகேட்டு கேக்கறானே."

"ஓ" என்றாள். அந்த "ஓ" அவருக்கு ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது.

ஆனி மாசம் பள்ளிக்கூடம் திறந்ததும் வந்தது பெரிய அடி. பொன்னேரியில் ஒரு பெண்கள் உயர்நிலைப்பள்ளி. அதன் தலைமையாசிரியை கிரேஸ், படித்து முன்னுக்கு வந்த பெண்களைக் கூட்டிவந்து பதினோராம் வகுப்பு மாணவிகளுக்குப் பேச வைக்க வேண்டுமென்று ஏற்பாடு செய்திருந்தார். "நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன்" என்று தலைப்பு. விக்டோரியாவை அழைக்க அவரே கிளினிக்குக்கு வந்தார். எதிரே நின்ற பூவராகவனைத் தாண்டிப் போய் அவளோடு கால்மணி நேரம் பேசினார். திரும்பும்போது பூவராகவனைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாப்பா?" என்று கேட்டார். பூவராகவன் கொடுத்தார். மனசுக்குள் என்னென்ன கலந்து கொடுத்தார் என்பதை எழுத முடியாது.

"நீயும் போய்க் கேளேன் பூவராகவா. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையை நான் பாத்துக்கறேன்" என்றார் டாக்டரம்மா.

போகக்கூடாது என்றுதான் முதலில் இருந்தார். அப்புறம், மேடையில் அவள் திக்கித் திணறினால் பார்க்க ஆள் வேண்டாமா என்று தோன்றியது. அதற்கும் அடியில் வேறொன்று இருந்தது. இந்தத் தாலுகாவில் மருந்து என்றால் யார் முகம் நினைவுக்கு வரும்? பேச வந்தவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தானே ஆக வேண்டும்! வெள்ளிக்கிழமை காலையில் துவைத்த சட்டையைக் கேட்டபோது ரத்னாவிடம் இதைச் சொல்லியும் விட்டார்.

"உங்களப் பத்தி அது எதுக்குங்க பேசப் போவுது?"

"பேசாம? அது பொறக்கறதுக்கு முன்னாடியே இந்த ஊருக்கு மருந்து குடுத்தவன்டி நான்!" கணக்கில் ஐந்து வருஷம் உதைத்தது. அவருக்குக் கணக்கு எப்போதும் வராது.

பள்ளிக்கூடத்தின் நீளக் கொட்டகையில் நூற்றுச்சொச்சம் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பெரியவர்களுக்கு ஒரு வரிசை நாற்காலி. பூவராகவனுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்து கிளார்க் அருணாச்சலம் உட்கார்ந்தார். நல்ல மனுஷர், எதற்கெடுத்தாலும் முதல் ஆளாகக் கைதட்டுகிறவர்.

விக்டோரியா வெள்ளைக் கோட்டு இல்லாமல், சாதாரண நூல் புடவையில் வந்திருந்தாள். கையில் ஒரு காகிதம். அதைப் பார்த்தாள், மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"டீச்சர் எனக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. பார்மசிஸ்டு வேல ஒரு சேவைன்னு இருக்குது. பொம்பளைங்களுக்குப் பாதுகாப்பான வேலன்னு இருக்குது. எல்லாம் நெசந்தான். ஆனா நான் அதுக்கு வரல. வேற மாரி சொன்னா நான் பொய் சொன்ன மாரி ஆயிடும்."

பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பூவராகவனும் நிமிர்ந்தார்.

"எனக்குப் பத்து வயசு இருக்கச் சொல்ல, எந்தம்பிக்கு வயித்தால போயி நிக்கவேயில்ல. எங்கம்மா அவன இடுப்புல தூக்கிக்கினு, என்னையும் இழுத்துக்கினு, நடந்தே இந்தப் பொன்னேரிக்கு வந்துச்சு. ஜானகியம்மா டாக்டரு பாத்துட்டு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. ஜன்னலாண்ட போனோம். அங்க ஒரு கம்பவுண்டரு நின்னுக்கினு இருந்தாரு."

பூவராகவனுக்கு உடம்பெல்லாம் ஒரு தடவை சிலிர்த்தது.

"அந்த மாரி ஒருத்தர நான் பாத்ததேயில்ல. சுத்தி முப்பது ஜாடி இருக்குது, ஒண்ணுலயும் பேரப் படிக்க மாட்டாரு. கை தானா போவும். கலக்கி முடிச்சு, மூக்கு வச்ச ஒரு குவளையில எடுத்து ஊத்துவாரு பாருங்க! ரெண்டடி ஒசரத்துலேருந்து. பாட்டில் வாய் இத்தினூண்டு. மருந்து நூல் புடிச்ச மாரி எறங்குது. ஒரு சொட்டு கீழ சிந்தல. நான் வாயப் பொளந்துக்கினு பாத்தேன்."

ஐந்து மாசமாக வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது ஒரே நொடியில் அணைந்தது. அவ்வளவையும் மன்னித்துவிட்டார். கோட்டை மன்னித்தார், ஆணியை மன்னித்தார், அந்த "ஓ"வைக்கூட மன்னித்தார். இதைத்தானா இந்தப் பெண் மறைத்து வைத்திருந்தாள்? வெட்கப்பட்டல்லவா மறைத்திருக்கிறாள்! அவர் அருணாச்சலத்தின் தொடையில் தட்டினார்.

"நாந்தான் அது!"

"நீங்களா?"

"பின்ன? நாந்தான் சார் அந்தக் கம்பவுண்டரு!"

அருணாச்சலம் நல்ல மனுஷர் என்று சொன்னேனில்லையா? நல்ல மனுஷர்கள்தான் சமயத்தில் ஆளைக் கவிழ்த்துவிடுவார்கள். அவர் எழுந்து நின்று கொட்டகை முழுக்கக் கேட்கும்படி, "அந்தக் கம்பவுண்டரு இங்கதான் இருக்காரு! எழுந்திருங்க சார், எல்லாரும் பாக்கட்டும்!" என்று கத்திவிட்டுக் கைதட்டினார். பெண்கள் திரும்பினார்கள், சிரித்தார்கள், அவர்களும் தட்டினார்கள். கொட்டகை அதிர்ந்தது. பூவராகவன் எழுந்து, மீசைக்குக் கீழே சிரிப்பு கொள்ளாமல், கை கூப்பினார். பதினேழு வருஷம், இதற்குத்தான் இருந்தார்.

மேடையில் விக்டோரியா அவரைப் பார்த்தாள். அவர் வந்திருப்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. முகம் வெளுத்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "உக்காருங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்லி, தம்பி பிழைத்தான் என்று கதையை முடித்திருக்கலாம். முடித்தால் என்ன என்று அவளும் ஒரு கணம் நினைத்திருப்பாள். கைதட்டல் முழுக்க ஓயும் வரை காத்திருந்தாள்.

"ஆமா. அவருதான்" என்றாள். "ஏன் ரெண்டடி ஒசரத்துலேருந்து ஊத்துனாருன்னு நீங்க யாரும் கேக்கலியே."

மடித்து வைத்த காகிதத்தை மேஜை ஓரத்துக்குத் தள்ளினாள்.

"எங்க பாட்டில அவரு தொட மாட்டாரு. ஜன்னலுக்குக் கீழ ஒரு கல்லு இருந்துச்சு. எங்க காலனி ஆளுங்க பாட்டில அதுமேல வச்சுட்டு, தள்ளிப் போயி நிக்கணும். அதான் அவுரு மேலேருந்து ஊத்தக் கத்துக்கினாரு. எங்களுக்கு முன்னாடி நின்ன அம்மா பாட்டில கையில வாங்குனாரு, டோஸ் பேப்பர அவரே ஒட்டிக் குடுத்தாரு. எங்களுக்குப் பேப்பர ஜன்னல் வழியா விட்டெறிஞ்சாரு. 'ஊட்ல போயி ஒட்டிக்கோ'ன்னாரு. கீழ ஏற்கெனவே ரெண்டு மூணு பேப்பரு கெடந்துச்சு, எங்காளுங்க யாரோ எடுக்காம உட்டுட்டுப் போனது. காத்து அடிச்சுதா, எல்லாம் கலஞ்சுபோச்சு. எங்கம்மா குனிஞ்சு ஒண்ண எடுத்துக்கினாங்க. தம்பிக்கு வெட்டுனது எட்டுப் பல்லு. எங்கம்மா எடுத்தது மூணு பல்லு."

பூவராகவன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கூப்பிய கையைப் பிரிக்க வேண்டுமென்று தோன்றவில்லை. கைதட்டலுக்கு எழுந்த மனுஷன் எப்போது உட்காருவது என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. திரும்பிப் பார்த்த பெண்கள் திரும்பியபடியே இருந்தார்கள். சிரிப்பு மட்டும் ஒவ்வொரு முகமாக அணைந்துகொண்டிருந்தது.

"எங்கம்மாவுக்கு எண்ணத் தெரியும். எத்தினி பல்லுன்னு யாராச்சும் சொல்லியிருந்தா எண்ணியிருப்பாங்க. கேக்கலாம்னு தலயத் தூக்குனாங்க, அதுக்குள்ள அவரு அடுத்த பாட்டிலுக்குப் போயிட்டாரு. ஊட்டுக்குப் போயி கஞ்சியத் தொட்டு ஒட்டி, ஒரு பல்லு குடுத்தாங்க, குடுக்க வேண்டியதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. எந்தம்பி ரெண்டு நாள் கண்ணு தொறக்கல. நானும் அம்மாவும் அவன் மூச்ச எண்ணிக்கினு குந்தியிருந்தோம். அது அபினி சேத்த மருந்துன்னு காலேஜ்ல படிக்கச் சொல்லதான் எனக்குத் தெரிஞ்சுது. அவன் பொழச்சுக்கினான். எங்கம்மா இன்னிக்கு வரைக்கும், தப்பு தன் மேலன்னுதான் நெனச்சுக்கினு இருக்காங்க."

தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

"அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் போயி நிக்கணும்னு அப்ப நெனச்சேன். வேற எந்த ஜன்னலும் இல்ல, அதே ஜன்னல். அவ்ளோதான் என் காரணம். சேவ இல்ல, கோவம். கோவத்துலயும் நல்லா படிப்பு வரும். உங்கள்ள யாருக்காச்சும் அப்டி ஒரு கோவம் இருந்தா, வெக்கப்படாதீங்க, படிங்க."

பூவராகவன் அந்தத் தாயின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தார். வரவில்லை. கல் ஞாபகம் வந்தது, கடை கட்டும்போது அதைப் பெயர்த்துப் போட்டதும் ஞாபகம் வந்தது. கல்லின்மேல் வைத்த பாட்டில்கள் ஞாபகம் வந்தன, எண்ணெய் பாட்டில், சாராய பாட்டில், வாய் உடைந்த பாட்டில் என்று. ஒரு முகம்கூட வரவில்லை. ஒரு தாயா, இரண்டு தாயா? எத்தனை பேருக்கு அப்படி விட்டெறிந்திருக்கிறார்! அந்த நிலையிலும், வெட்கத்தில் காது கொதிக்கும்போதும், பழைய வியாதி அவரை விடவில்லை. அவளுக்கு ஒரு காரணம் இருக்கிறதே என்று பொறாமையாக இருந்தது. தன்னிடம் இருந்ததெல்லாம் இட்டுக்கட்டின பதில் ஒன்று. அவளிடம் இருந்தது நிஜமான காரணம், அதையும் அவரே கொடுத்திருக்கிறார்.

அருணாச்சலம்தான் கடைசியில் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அப்புறம் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

கூட்டம் கலைந்ததும் வேகமாகப் போய்விடலாமென்று பார்த்தார். பள்ளிக்கூட கேட்டிலேயே விக்டோரியா பின்னால் வந்துவிட்டாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது போல, நடை வேகமாக இருந்தது.

"நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியாது சார்."

"தெரிஞ்சிருந்தா?"

அவள் யோசித்தாள். "சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கிறேன். கை கொஞ்சம் அதிகமா நடுங்கியிருக்கும்."

"என் மேல இன்னும் கோவமாம்மா?"

"இருக்குது சார். முன்ன மாரி இல்ல. ஆனா இருக்குது." பையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். "திங்கக்கெழம கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். காலைலயே கொஞ்சம் பேப்பர் வெட்டி வச்சிடுங்க. வரேன் சார்."

ஸ்டேஷனைப் பார்த்துப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். மன்னித்திருந்தால் அழுதிருக்கலாம். இரண்டுக்கும் வழியில்லாமல் வீட்டுக்கு நடந்தார் பூவராகவன்.

வீட்டில் ரத்னா சோறு வடித்து வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"இன்னாங்க, பேசிச்சா அந்தப் பொண்ணு?"

"பேசிச்சு."

"உங்களப் பத்தி எதுனா சொல்லிச்சா?"

"சொல்லிச்சு." கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். "மேலேருந்து ஊத்துனா ஒரு சொட்டு சிந்தாதுன்னு சொல்லிச்சு. எல்லாரும் கைதட்டுனாங்க. எழுந்து நின்னேன்."

"நெசமாவா?" ரத்னாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து எத்தனை நாளாகியிருந்தது! "அப்ப அது இந்தப் படிப்பு படிச்சதுக்கே நீங்கதான் காரணமா?"

பூவராகவன் தட்டைப் பார்த்தார்.

"ஆமா. நாந்தான் காரணம்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ரத்னாவுக்கு அது போதும். பரிமாறின கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்பக்கச் சுவருக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு அஞ்சம்மாளைக் கூப்பிட்டு, கைதட்டலை இரண்டு பங்காக்கி, மாலையும் போட்டதாகச் சேர்த்துச் சொல்வது உள்ளே கேட்டது. அவர் தடுக்கவில்லை. திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஏங்க, ஒரு நா அந்தப் பொண்ண ஊட்டாண்ட கூட்டியாங்களேன். பாவம், ரயிலேறி வந்து போவுது. உங்களாலதான் ஆளாச்சுன்னு அதுவே சொல்லச் சொல்ல, ஒரு வாய் காப்பித் தண்ணி குடுக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் தயங்குவதாக நினைத்துக்கொண்டாள் ரத்னா.

"அதுக்கின்னா இப்ப? உள்ளயா கூப்புடப் போறோம்? வெளிய பெஞ்சு இருக்குது. அலுமினிய டம்ளரு ஒண்ணு தனியாத்தான வச்சிருக்கேன்" என்றாள், அவர் மனசைத் தேற்றுகிறவள்போல.

சோற்றில் வைத்த பூவராகவனின் கை வைத்தபடியே இருந்தது. "ஏன், கொயம்பு புளிக்குதா?" என்று கேட்டாள் அவள்.